கொசுறு வேகம்

மனைவியின் உயிருக்கு அவர் போட்டிருந்த விலை ஐந்து நாட். மகளுக்கு ஐந்து. மகனுக்கும் ஐந்துதான், பையன் கல்லூரியில் இரண்டு பாடத்தில் கோட்டை விட்ட வருஷம் அதை மூன்றாகக் குறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார், பெற்ற மனம் கேட்கவில்லை. ஆக, குடும்பம் மொத்தத்துக்கும் பதினைந்து.

நாட் என்பது காசு அல்ல. விமானக்காரர்கள் வேகத்தை அளக்கிற படி. தரையிறங்க வரும்போது இந்த வேகத்தில் வா என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண் உண்டு. அதைவிட ரொம்பக் குறைந்தால் இறக்கை ‘என்னால் ஆகாது’ என்று கையை விரித்துவிடும். அப்புறம் விமானத்துக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பயத்தில் அவர்களுடைய பறக்கும் கிளப்பில் ஒரு வழக்கம் முளைத்திருந்தது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. டீக் கொட்டகையில் வாய்வழியாக வந்தது. கல்யாணம் ஆனவன் அந்த எண்ணோடு ஐந்தைக் கூட்டிக்கொள்வான். பிள்ளை பிறந்தால் இன்னும் ஐந்து. “என்னடா, ரெட்டைப் பிள்ளையாமே? இனிமே நீ தரையில எறங்குன மாதிரிதான்!” என்று ஒருவனை அழவைக்காத குறையாகக் கேலி செய்தும் இருக்கிறார்கள். கடைவீதியில் இதற்குப் பெயர் கொசுறு. தராசு சரியாக நின்ற பிறகும், வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து ஒரு பிடி அள்ளிப் போடுவோமே, அது.

கிளப்பில் மற்றவர்கள் இதைப் பாதி வேடிக்கையாகச் செய்தார்கள். அவர் முழு நம்பிக்கையோடு செய்தார். காரணம், தொழில். பூட்டு, தாழ்ப்பாள், இரும்புப் பெட்டி விற்கிற கடை அவருடையது. பூட்டுக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். ஒரு பூட்டு வாங்க வந்தவர் இரண்டு பூட்டோடும் ஒரு வாரத் தூக்கக் கேட்டோடும் வீடு திரும்புவார், அப்படிப் பேசுவார். பேச்சு வியாபாரத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் அவர்.

முப்பது வருஷமாக அவர் ஓட்டிய விமானத்துக்குப் பெயர் பெரியம்மா. தலைக்கு மேலே இறக்கை, முழுக்கத் தகரம், இரண்டு இருக்கை. உள்ளே ஏறினால் பெட்ரோலும் பழைய ரெக்சினும் கலந்த வாசனை. இயந்திரத்தை அடக்குகிற த்ராட்டில் பிடியை இழுத்தால் மாவு மூட்டை மாதிரி இறங்கும். பதினைந்து நாட் கூடுதலாக வந்தாலும் பெரியம்மா முகம் சுளித்ததில்லை; இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற மடலை, ஃபிளாப்பை, இறக்கியதும், முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்கிற மாதிரி, அத்தனை வேகத்தையும் காற்றில் உதறிவிட்டு உட்கார்ந்துவிடும். கொடுத்த கொசுறு எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெரியம்மாவைப் பிரித்து வைத்தது இருதய டாக்டர். வருஷாந்திரச் சோதனையில் காகிதச் சுருளைப் பார்த்துக்கொண்டே, “கடையில உக்கார இந்த இருதயம் தாராளம். அந்த எடை விமானத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார். விமானச் சட்டம் அப்படி. பாதி எடை கூட இல்லாத மைக்ரோலைட் என்றால் குடும்ப டாக்டரின் கடிதமே போதும். குடும்ப டாக்டர் அவர் கடையில்தான் பூட்டு வாங்குகிறவர், கடிதம் வந்துவிட்டது.

மைக்ரோலைட் என்றதும் அவர் மனசில் வந்தது ஒரு துணிப் பட்டத்துக்கு அடியில் தொங்குகிற சைக்கிள். ஆனால் கூட்டுச் சேர்ந்து பாதிப் பணம் போட்டவன் மைத்துனன், மனைவியின் தம்பி. ‘புதுசு’ என்ற சொல் காதில் விழுந்தால் அவன் சட்டைப்பை தானாகத் திறந்துகொள்ளும். அவன் பிடித்துக்கொண்டு வந்தது, கார்பன் இழையில் வார்த்த ஒரு வெள்ளை மீன். ஓர் ஆணி, ஒரு தையல், ஒரு மடிப்பு வெளியே தெரியாது. பெரியம்மா ஒரு மணி நேரம் மூச்சு வாங்கிப் போகிற தூரத்தை இது முக்கால் மணிக்கும் குறைவாக முடித்துவிட்டு, இன்னும் வேறு வேலை இருக்கிறதா என்று கேட்கும்.

விமானங்களை நிறுத்துகிற கூடாரத்தில் அதை முதலில் பார்த்த மனைவி ஒரு சுற்று சுற்றி வந்தாள். “அழகா இருக்கு. வெடுக்குனு இருக்கு. ஒரு சொல்லு தாங்காது போலிருக்கு. அப்படியே என் நாத்தனார்” என்றாள். பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய தங்கைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பெயர் வைத்த கையோடு நிபந்தனையும் வைத்தாள். கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறவள், எதையும் வாயால் ஒரு தடவைதான் சொல்வாள்.

“இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை உங்க கூடத்தான் ஏறுனேன், உங்க கூடத்தான் எறங்குனேன். இதுலயும் அப்படித்தான். என்னை உக்கார வச்சு பத்திரமா எறக்க முடியும்னா வச்சுக்கலாம். இல்லைன்னா தம்பிகிட்ட ஆள் இருக்கு, வித்துரலாம். நீங்க தனியா மேல சுத்த, நான் கீழ வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.”

வாங்க ஓர் ஆள் இருந்தது உண்மை. இந்த மாதம் முடியும் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பெரியம்மாவுக்குத் திரும்பிப் போக டாக்டர் விட மாட்டார். அதாவது, நாத்தனார் போனால் அவருக்கு வானமும் போயிற்று.

சொல்லிக் கொடுக்க வந்தவள் அவரைவிட இருபது வயது இளையவள். வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டியவள். கரண்ட் கம்பிக்கு அடியில் புகுந்து வந்ததாகக்கூட ஒரு பேச்சு உண்டு. எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் கேப்டனம்மா என்பார், அவள் அண்ணா என்பாள்.

“ரெண்டு விரல் போதும்ணா. நீங்க என்னமோ துருப்பிடிச்ச பூட்டைத் தொறக்குற மாதிரி முறுக்குறீங்க.”

அவர் விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்தார். இரண்டு விரலும் வியர்த்தன. பெரியம்மாவிடம் எதையும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது நினைப்பதற்குள் செய்துவிட்டு முகத்தைப் பார்த்தது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் வேகம் குதிரை மாதிரி ஓடியது. வேகம் அதிகமாக இருக்கும்போது ஃபிளாப்பை இறக்கக்கூடாது, பிய்த்துக்கொண்டு போய்விடும். ஃபிளாப்பை இறக்காமல் வேகம் குறையாது. முன்பணம் கட்டினால்தான் சரக்கு, சரக்கு வந்தால்தான் பணம் என்கிற கதை. அதனால் ரொம்ப முன்னாலேயே, ஓடுதளம் இன்னும் தீக்குச்சி அளவில் தெரியும்போதே, வேகத்தைக் கொல்ல ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அதெல்லாம் நான்கைந்து பாடத்தில் பிடிபட்டது. பிடிபடாதது கடைசி ஒரு நிமிஷம்தான்.

“ஐம்பத்திரண்டுல வாங்கண்ணா.”

“சரி.”

எதிரே திரையில் பெரிய இலக்கங்கள். பெரியம்மாவிடம் ஒரு முள் இருந்தது. நடுங்கிக்கொண்டே இருக்கும், ஐந்து கூடக் குறைய என்று தாட்சண்யம் பார்க்கும். இந்தத் திரைக்குத் தாட்சண்யம் கிடையாது. அறுபத்தேழு என்றது. சக்கரம் தரைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றுகொண்டது. நின்றது சக்கரம்தான், ஓடுதளம் அடியில் உருவிக்கொண்டு போயிற்று. வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நாத்தனார் இறங்க மாட்டேன் என்றது. முடிவில் சிமென்ட் கரை போட்ட வாய்க்கால், அதற்கு அப்பால் சுண்ணாம்பு மில்லின் சுவர். அந்தச் சுவரில் எழுதியிருந்ததை அவர் வாசிக்க முடிந்தபோது கேப்டன் த்ராட்டிலைத் தள்ளினாள்.

“நான் எடுத்துக்கறேன்.”

மறுபடி மேலே ஏறினார்கள்.

இப்படியே ஒரு வாரம். அவள் ஐம்பத்திரண்டு என்பாள், அவர் சரி என்பார், திரை அறுபத்தேழு என்னும். அவருக்கே விளங்கவில்லை. கை தானாக அங்கே போய் நின்றது. கடைசியில் ஒருநாள் டீக் கொட்டகையில் கேப்டன் கண்ணாடி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“தடுமாறி வர்ற ஆள்னா ஒருநாள் அறுபது, ஒருநாள் எழுபதுனு வரும். நீங்க தராசு வச்ச மாதிரி பதினஞ்சு கூட வர்றீங்க. இது தப்பு இல்ல, கணக்கு. யாருக்குணா இந்தப் பதினஞ்சு?”

பூட்டுக்காரர் டீயைப் பார்த்தார். கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். மனைவிக்கு ஐந்து, மகளுக்கு ஐந்து, மகனுக்கு ஐந்து.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“பழைய வண்டி காத்துல முட்டி முட்டிப் போகும். நீங்க எவ்வளவு கூட்டிக் குடுத்தாலும் தின்னுட்டு ஏப்பம் விட்டுடும். இது வழவழனு இருக்கு. குடுத்ததை வச்சுக்கிட்டே ஓடும். அந்தப் பதினஞ்சை எங்க போய்க் கரைக்கும்னு நினைக்கிறீங்க? வாய்க்கால்ல.”

“ஒரு அஞ்சாவது...”

“அண்ணா, இது பேரம் பேசுற கடை இல்ல.”

“மூணு. ஒரே ஒரு மூணு. காத்துனு ஒண்ணு இருக்குல்ல?”

“காத்தையும் சேர்த்துத்தான் ஐம்பத்திரண்டு. ரெண்டு பேர் ஏறி, டேங்க் நிறைஞ்சு, ஓட்டுறவன் கொஞ்சம் அசடா இருந்தாலும் தாங்குற மாதிரி கூட்டித்தான் அந்த எண்ணையே போட்டிருக்கான். உங்க வீட்டம்மாவை அவன் ஏற்கெனவே விலையில சேர்த்தாச்சு. நீங்க ரெண்டாந்தடவை சேர்க்குறீங்க.”

தன் மனைவியை யாரோ ஒரு முன்பின் தெரியாத கம்பெனிக்காரன் விலையில் சேர்த்துவிட்டான் என்பதை ஜீரணிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவன் யார் சேர்க்க? எவ்வளவு சேர்த்திருப்பான்? சொந்தக்காரன் போடுகிற பிடியும் கூலிக்கு அளக்கிறவன் போடுகிற பிடியும் ஒன்றா?

ஆனால் பாருங்கள், அதற்குப் பிறகு ஒரு காலையில் கேப்டன் இறங்கிக்கொண்டு, “தனியாப் போய்ட்டு வாங்க” என்றபோது, அவர் ஐம்பத்திரண்டில் வந்தார். சக்கரம் பஞ்சில் பட்ட மாதிரி தரையைத் தொட்டது. பாதி ஓடுதளத்திலேயே நின்றுவிட்டார். இன்னொரு தடவை. அதுவும் அப்படியே. கேப்டன் கூடாரத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். இனி ஆளை ஏற்றிக்கொண்டும் போகலாம் என்று அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மைத்துனன் போனில் கத்தினான். “மாமா! ட்ரீட் எப்ப?”

ட்ரீட் இருக்கட்டும். அவர் வியாபாரி, லாபம் சுலபமாக வந்தால் சந்தேகப்படுகிறவர். எப்படி முடிந்தது? வீடு போகிற வழியில், சிக்னலில் நிற்கும்போது விடை வந்தது. பக்கத்து இருக்கை காலி. அவர் தனக்கென்று ஒரு நாட் கூட விலை போட்டதே கிடையாது. ஆளில்லாத இருக்கையோடு வந்ததால் கொசுறு கேட்கவும் ஆளில்லை. அதில் அவள் உட்கார்ந்துவிட்டால்?

அந்த வாரம் கடையில் அவர் விற்றது பூட்டு இல்லை, பீதி. மாடி அறைக்கு ஒரு சின்னப் பூட்டு வேண்டும் என்று வந்த ஒரு தையல்காரர், படிக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, பூட்டுகளின் சாவியை வைக்கிற பெட்டிக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு, போகும்போது தன் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனார். கல்லாவிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, நம்ம கடைக்கு வர்றவங்களைத் திருடன் கூட இவ்வளவு பயமுறுத்த மாட்டான். என்ன ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லையே.”

“ஞாயித்துக்கிழமை போறோம்ல?”

“வானிலை பார்க்கணும்.”

“பார்த்துட்டேன். வெயிலு.”

ஞாயிறு காலை அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கைப்பிடி.

“இது என்ன?”

“பாராசூட். ஆளுக்கில்ல, விமானத்துக்கே. இழுத்தா மொத்தமும் குடையில தொங்கும்.”

“அப்புறம் என்ன பயம் உங்களுக்கு?”

“யாருக்குப் பயம்? அது உயரத்துல இருக்கறப்பத்தான் விரியும். தரைக்குப் பக்கத்துல விரிய நேரம் பத்தாது.”

“ஓஹோ. எங்க தேவையோ அங்க வேலை செய்யாது. உங்க தங்கச்சியேதான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. கூடாரத்து நிழலில் கேப்டன் நின்றிருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு.

மேலே போனது சுகமாகத்தான் இருந்தது. நாத்தனார் ஒரே மூச்சில் ஏறியது. நீர்த்தேக்கம் ஒரு தட்டு மாதிரி கிடந்தது. ரயில் ஒன்றைப் பின்னாலிருந்து பிடித்து, முந்தி, விட்டுவிட்டு வந்தார்கள். மனைவி ஒரு தடவை அவர் முழங்கையைத் தொட்டு, “பெரியம்மா பாவம்” என்றாள். அவரால் எதையும் ரசிக்க முடியவில்லை. மேலே இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கீழே இறங்குவதற்கு வாங்கிய கடனாகவே தெரிந்தது.

திரும்பினார்கள். ஓடுதளம் தீக்குச்சி அளவில் இருக்கும்போதே வேகத்தைக் கொன்றார். ஃபிளாப்பை இறக்கினார். எல்லாம் பாடப்படி. எழுபது. அறுபத்தெட்டு. அங்கே கை நின்றுவிட்டது. இன்னும் மூக்கைத் தூக்கு, இன்னும் குறை என்று அறிவு சொல்லியது. கை கேட்கவில்லை. ஓரக்கண்ணில் அவளுடைய முட்டி, அதன்மேல் கைப்பை, அதைப் பிடித்திருந்த விரல்கள். அறுபத்தேழு.

சக்கரம் ஒரு முழம் மேலே நின்றது. வெள்ளைக் கோடுகள் ஓடின. இப்போது உட்காரும், இப்போது உட்காரும் என்று பார்த்தார். பாதி ஓடுதளம் போயிற்று. அமுக்கித் தரையில் வைத்துவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. வைத்தால் பந்து மாதிரி எகிறி மூக்கில் விழும் என்று கேப்டன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாய்க்கால் கரையின் சிமென்ட் வெயிலில் பளிச்சென்றது. அவர் த்ராட்டிலைத் தள்ளினார். இயந்திரம் அலறியது. சுண்ணாம்பு மில்லின் கூரை காலுக்கடியில் போனது, அதன் புகைபோக்கியில் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து பறந்தது.

உயரம் வந்து, விமானம் சமநிலைக்கு வந்த பிறகு, மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“என்ன ஆச்சு?”

“வேகம் ஜாஸ்தி.”

“குறைக்க வேண்டியதுதானே?”

“குறைக்க மனசு வரலை.”

“இதென்ன, வேகத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் எதிரே பார்த்துக்கொண்டே சொன்னார். “அதுல அஞ்சு நீ.”

பிறகு மிச்சத்தையும் சொன்னார். டீக் கொட்டகை வழக்கம், மகள் பிறந்த வருஷம், மகன் பிறந்த வருஷம், கம்பெனிக்காரன், ஐம்பத்திரண்டு. ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தார்.

“அஞ்சா?” என்றாள் அவள்.

“ஆமா.”

“வெறும் அஞ்சு? கடையில போற வர்றவனுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு, கட்டுனவளுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க. அதுவும் பிள்ளைங்களுக்கும் எனக்கும் ஒரே விலை?”

“ஏம்மா, இப்ப அதுவா...”

“இருங்க. பேசி முடிச்சுக்கறேன். பொண்ணு எங்க இருக்கா?”

“அவ வீட்டுல.”

“மாப்பிள்ளைக்குக் காபி போட்டுக்கிட்டிருப்பா. இல்லைன்னா அவரைப் போட வச்சிருப்பா. பையன்?”

“ஹாஸ்டல்ல.”

“பதினோரு மணிக்கு முன்னாடி எந்திரிச்சிருக்க மாட்டான். ரெண்டு பேரும் தரையில பத்திரமா இருக்காங்க. அவங்களை எதுக்கு இங்க இழுத்துக்கிட்டு வர்றீங்க? எறக்கி விடுங்க.”

ஓடுதளம் இடது பக்கம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. திரும்ப வேண்டிய இடம் நெருங்கியது. அவர் திரும்பினார்.

“எறக்கிட்டேன்” என்றார்.

“இப்ப நான். நான் எங்க இருக்கேன்?”

“பக்கத்துல.”

“பக்கத்துல இருக்கேன்ல? அப்புறம் எதுக்கு அந்த நம்பருக்குள்ள வேற உக்காரணும்? ஒரு ஆளுக்கு ரெண்டு சீட்டு எந்த ஊர் நியாயம்?”

கடைசித் திருப்பம் முடிந்து ஓடுதளம் நேர் எதிரே வந்தது. ஃபிளாப்.

அவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்து, கல்லாவில் நோட்டு எண்ணுகிற குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

“எழுபது. அறுபத்தெட்டு. அறுபத்தேழு. அறுபத்தேழு. என்னங்க, அங்கயே நிக்குது.”

அவர் இரண்டு விரலைப் பின்னால் இழுத்தார். மூக்கு ஒரு மயிரிழை உயர்ந்தது.

“அறுபத்தி நாலு. அறுபத்தி ரெண்டு.”

மகள், என்று நினைத்தார். காற்றின் சத்தம் இறங்கியது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தின் மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார். இப்போது யாரோ பாயை உருவுகிற மாதிரி இருந்தது.

“அறுபது. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தேழு.”

மகன். ஓடுதளத்துக்கு முன்னால் இருக்கிற கிடங்குகளின் தகரக் கூரைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. அவற்றின் மேல் வந்ததும் சூடான காற்று அடியிலிருந்து ஒரு குத்து விட்டது. விமானம் தூக்கிப் போட்டது. இறக்கை ஒரு பக்கம் சரிந்தது. அவர் கை, அறிவைக் கேட்காமல், த்ராட்டிலுக்குப் போயிற்று.

“ஐம்பத்தெட்டு. அறுபது. ஏறுதுங்க.”

“தெரியுது.”

“என்னையும் எறக்கி விடுங்க.”

இறக்கையை நிமிர்த்தினார். த்ராட்டிலிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சுண்டு விரல் கடைசியாக வந்தது. கீழே ஓடுதளத்தின் முனை, புல், கோடு. காற்றுச் சத்தம் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. அந்த அமைதியில் தன் இருதயம் கேட்டது, டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்ற அதே இருதயம்.

“ஐம்பத்தேழு. ஐம்பத்தஞ்சு. ஐம்பத்தி நாலு.”

அவ்வளவுதான். அதற்குக் கீழே கை போகவில்லை. கெஞ்சினார், மிரட்டினார், போகவில்லை. அதற்குள் கோடுகள் வந்துவிட்டன. மூக்கைத் தூக்கிப் பிடித்தார். நாத்தனார் கொஞ்ச தூரம் முரண்டு பிடித்தது. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்றாவது கோடு. பிறகு பொத்தென்று உட்கார்ந்து, ஒரு தடவை குதித்து, மறுபடி உட்கார்ந்து, ஓடி, நின்றது. வாய்க்கால் தூரத்தில் வெறும் ஒரு கோடாகத் தெரிந்தது. மில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியவில்லை.

அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. சாவியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. பூட்டுக்காரருக்கு.

கூடாரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, கண்ணாடி மூடியைத் திறந்தபோது கேப்டன் எதிரே நின்றாள். “முதல் தடவை எனக்கே உயிர் போச்சு அண்ணி” என்றாள், அவரைத் தாண்டி மனைவியிடம்.

“எனக்குப் போகலை. எனக்கு விலை அஞ்சுதானாம்.”

கைப்பைக்குள் போன் அடித்தது. தம்பி. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, எறங்கிட்டீங்களா? அந்த ஆள் லைன்ல இருக்காரு. மாசம் முடியுதுனு இன்னைக்கே முடிவு கேக்குறாரு. என்ன சொல்ல?”

பூட்டுக்காரர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி இறக்கையில் கால் வைத்து இறங்கி, புடவையைச் சரிசெய்து, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். சரக்கைப் பார்க்கிற பார்வை.

“விக்கிறதுக்கில்லைனு சொல்லு.”

“அப்ப மாமா நல்லா எறக்குனாரா?”

“ரெண்டாந்தடவை. ஒரு குதி குதிச்சாரு, பரவால்ல.” வைத்துவிட்டாள்.

கேப்டன் திரையில் பதிவாகியிருந்ததைப் பார்க்க உள்ளே எட்டிக் குனிந்தாள். நிமிர்ந்தபோது புருவம் ஏறியிருந்தது.

“ஐம்பத்தி நாலு. அந்த ரெண்டு யாருதுணா?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாயைத் திறந்தாள். ஐந்தை அவமானம் என்று சொன்னவள், இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியைத் தேடுகிறவள் போலப் பைக்குள் குனிந்தாள். அவர் ஓடுதளத்தின் பக்கம் திரும்பி, கடை அடைக்கிற நேரத்தில் செய்கிற மாதிரி, உதட்டுக்குள் கணக்கை முடித்தார். மகள், ஐந்து, கழிந்தது. மகன், ஐந்து, கழிந்தது. மனைவி, ஐந்து; அதில் மூன்று கழிந்தது.

பாக்கி இரண்டு.